ஜேசானில் எண்கள் ஸ்ட்ரிங்காக வந்தால் என்ன செய்வது

ஒரு ஏபிஐ (வேறொரு மென்பொருளிடமிருந்து டேட்டா வாங்கும் வழி) இப்படி ஒரு ஜேசானை (JSON, டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

{"பொருள்": "பேனா", "விலை": "10", "அளவு": 5, "தள்ளுபடி": ""}

விலை மேற்கோள்குறிக்குள் இருக்கிறது, அளவு வெளியே இருக்கிறது, தள்ளுபடியில் மேற்கோள்குறி மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. படிக்கிற நமக்கு மூன்றும் எண்கள்தான். பார்ஸருக்கு, அதாவது ஜேசானைப் படித்துப் பிரிக்கிற கோடுக்கு, அளவு மட்டும்தான் எண், மற்ற இரண்டும் வெறும் எழுத்து (ஸ்ட்ரிங்), அதைத் தானாக எண்ணாக மாற்றித் தர வேண்டிய கடமை அதற்கு இல்லை.

இதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் எடுத்து விலையோடு 5-ஐக் கூட்டினால் 15 வராது, "105" வரும். ஆனால் அதே விலையை 2-ஆல் பெருக்கினால் 20 என்று சரியாக வரும், 5-ஐக் கழித்தாலும் சரியாக 5 வரும். பாதி இடத்தில் சரியாக வருவதுதான் இதில் மோசமான விஷயம், ஏனென்றால் முதலில் பெருக்கல் எழுதியவர் விடை சரியாக வருகிறதே என்று விட்டுவிடுவார், பிறகு வேறொருவர் அதே மதிப்பில் டெலிவரிக் கட்டணத்தைக் கூட்டுவார், பில் பல மடங்கு ஏறும். பைத்தான் கூட்டலில் உடனே எரர் போட்டு நிறுத்திவிடும், அது நல்லது. ஆனால் "10"-ஐ 3-ஆல் பெருக்கச் சொன்னால் சத்தமில்லாமல் "101010" தரும். பிஎச்பி தானே மாற்றிக்கொண்டு 15 என்று சொல்லிவிடும்.

ஒப்பிடுவது இன்னும் மோசம், எண் வடிவ ஸ்ட்ரிங்குகளை எண்ணாகவே ஒப்பிடுகிற பிஎச்பி போன்ற சில மொழிகளைத் தவிர மற்றவை இதில் காப்பாற்றாது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங் என்றால் அவை எழுத்து வரிசைப்படிதான் ஒப்பிடும், அதனால் "10" என்பது "9"-ஐவிடச் சின்னது. "9", "10", "100" மூன்றில் பெரியது எது என்று பைத்தானைக் கேட்டால் "9" என்று சொல்லும். எரர் வராது, லாகில் ஒன்றும் இருக்காது, அறிக்கையில் மட்டும் தப்பான வரிசை வரும்.

சரி, என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொன்னால், டேட்டா உள்ளே நுழையும் இடத்தில் ஒரே ஒரு முறை, ஒவ்வொரு ஃபீல்டையும் பெயர் சொல்லி, கறாராக மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு கோடின் எந்த மூலையிலும் மாற்றுகிற வேலையே இருக்கக் கூடாது. தேவைப்படும் இடத்திலெல்லாம் அங்கங்கே மாற்றிக்கொள்வது எளிதாகத் தெரியும், ஆனால் பத்து இடத்தில் மாற்றினால் ஒன்பது இடத்தில் ஒரு மாதிரியும் பத்தாவது இடத்தில் வேறு மாதிரியும் மாற்றியிருப்போம்.

முதலில், ஏன் இப்படி வருகிறது

காரணம் தெரிந்தால்தான் எங்கே திருத்துவது என்று தெரியும். பாதி நேரம் இது கவனக்குறைவுதான். வலைப்பக்கத்துப் படிவத்தில் உள்ள பெட்டியின் மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங்தான், அதை அப்படியே எடுத்து அனுப்பியிருப்பார்கள். சிஎஸ்வி கோப்பிலிருந்து படித்து ஜேசானாக எழுதியிருந்தால், சிஎஸ்வி-யில் டைப் என்று ஒன்றே கிடையாது என்பதால் எல்லாமே எழுத்தாகத்தான் வரும்.

இன்னொரு காரணம் டேட்டாபேஸ் டிரைவர். பிஎச்பி 8.1-க்கு முந்தைய பதிப்புகளில் பிடிஓ என்கிற டேட்டாபேஸ் இணைப்பு வழியாக மைஎஸ்க்யூஎல்-ஐப் படித்தால், வழக்கமான அமைப்பில் முழு எண்கள்கூட ஸ்ட்ரிங்காகவே வந்தன. அதை ஜேசானாக மாற்றினால் மேற்கோள்குறி ஒட்டிக்கொண்டே வரும். நோட்ஜேஎஸ்-இல் போஸ்ட்கிரெஸ்-க்குப் பலரும் பயன்படுத்தும் பிஜி லைப்ரரி பிக்இன்ட் (பெரிய முழு எண்), நியூமெரிக் (துல்லியமான தசம எண்) இரண்டு வகையையும் ஸ்ட்ரிங்காகத்தான் தருகிறது. அது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே செய்தது, ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் அந்த மதிப்புகள் துல்லியம் கெடாமல் அடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அந்தப் பெரிய எண் விவகாரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு இதை மட்டும் கவனியுங்கள்: ஸ்ட்ரிங்காக வருவது எப்போதும் தப்பு இல்லை. கூகுளின் புரோட்டோபஃப் வடிவத்தை ஜேசானாக மாற்றும்போது 64 பிட் முழு எண்களை ஸ்ட்ரிங்காகத்தான் எழுத வேண்டும் என்று அதன் விதியே சொல்கிறது. ட்விட்டர் 2010-இல் பெரிய ட்வீட் எண்களுக்கு மாறியபோது, எண்ணாக ஒரு ஃபீல்டும் அதே மதிப்பை ஸ்ட்ரிங்காக இன்னொரு ஃபீல்டும் சேர்த்து அனுப்பியதும் இதனால்தான்.

அனுப்புகிற கோடும் உங்களுடையதே என்றால் அங்கேயே திருத்துவது நல்லது, ஆனால் ஏற்கனவே அதைப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களின் கோடு உடையுமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்தவருடையது என்றால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், பதில் வரும்வரை நம் பக்கத்தில்தான் வேலை.

எதையெல்லாம் மாற்றவே கூடாது

மாற்றுகிற கோடை எழுதுவதற்கு முன்னால் ஃபீல்டுகளின் பட்டியலை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்து "இதைக் கூட்டுவோமா, சராசரி எடுப்போமா, பெரிதா சிறிதா என்று பார்ப்போமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எண் இல்லை, இலக்கங்களால் எழுதிய பெயர். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண், பொருள் குறியீடு எல்லாம் இந்த வகை. "00742" என்ற குறியீட்டை எண்ணாக்கினால் 742 ஆகிவிடும், முன்னால் எத்தனை பூஜ்ஜியம் இருந்தது என்பது போயே போய்விடும், பிறகு எந்தக் கோடாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஜேசான் விதிப்படி எண் பூஜ்ஜியத்தில் தொடங்கி இன்னோர் இலக்கம் தொடரக் கூடாது, ஆகவே இப்படிப்பட்டவை ஸ்ட்ரிங்காக வருவதுதான் ஒரே சரியான வழியும்கூட.

அதிகம் பேர் தவறவிடுவது மென்பொருள் பதிப்பு எண். "1.10" என்பதை மாற்றினால் 1.1 ஆகும், அது 1.9-ஐவிடச் சின்னதாகிவிடும், உண்மையில் 1.10 பிந்தைய பதிப்பு. அப்புறம், நடுவில் ஆங்கில ஈ எழுத்து இருக்கிற "12ஈ5" போன்ற பொருள் குறியீடுகள். பெரும்பாலான மொழிகள் அதை 12-க்குப் பின்னால் ஐந்து பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு 1200000 ஆக்கிவிடும்.

அதனால்தான் "எண் மாதிரி இருக்கிற எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடு" என்கிற வசதிகளை நான் நம்புவதில்லை. பிஎச்பி-யில் ஜேசானாக எழுதும்போது நியூமெரிக் செக் என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது, அது இதைத்தான் செய்யும், தொலைபேசி எண்களையும் சேர்த்து. பைத்தானின் டேட்டா லைப்ரரியான பாண்டாஸில் ரீட்_ஜேசான் கூடத் தன்னிச்சையாக டைப்பை ஊகித்து முன்பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும், டீடைப் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால்தான் சும்மா இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் ஜேசான் பார்ஸுக்கு ரிவைவர் என்று ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம், இணையத்தில் கிடைக்கிற பல எடுத்துக்காட்டுகள் அதில் எண் போலத் தெரிகிற ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மாற்றிவிடுகின்றன. ரிவைவர் பயன்படுத்துவதில் தப்பில்லை, ஆனால் கீயின் பெயரைப் பார்த்து மாற்றுங்கள், மதிப்பின் முகத்தைப் பார்த்து மாற்றாதீர்கள்.

மாற்றுகிற ஃபங்ஷன்

எந்த மொழியிலும் எழுதிக்கொள்ளும்படி அதன் எலும்புக்கூடு இது:

எண்ணாக்கு(மதிப்பு, ஃபீல்டு_பெயர்):
    மதிப்பு வரவில்லை, அல்லது நல் (null) → "மதிப்பு இல்லை" என்று திருப்பு
    மதிப்பு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) → எரர்
    மதிப்பு ஏற்கனவே எண் → முடிவுள்ள எண்தானா என்று பார்த்து அப்படியே திருப்பு
    மதிப்பு ஸ்ட்ரிங் இல்லை → எரர்
    இரு ஓரத்து இடைவெளிகளை வெட்டு
    ஒன்றும் மிஞ்சவில்லை → "மதிப்பு இல்லை" என்று திருப்பு
    ^-?[0-9]+(\.[0-9]+)?$ என்ற வடிவத்தில் இல்லை → எரர்
    மாற்றித் திருப்பு

ஏற்கனவே எண்ணாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் "10" என்று அனுப்பிக்கொண்டிருந்த ஏபிஐ ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் 10 என்று அனுப்ப ஆரம்பிக்கும், அல்லது ஒரே பட்டியலில் ஒரு வரிசையில் அப்படியும் அடுத்ததில் இப்படியும் வரும். பூலியனைத் தனியாகப் பிடிப்பது தேவையில்லாத கெடுபிடி போலத் தெரியலாம். பைத்தானில் பூலியன் என்பது முழு எண்ணின் துணை வகை, அதனால் "இது இன்ட்டா?" என்று கேட்டால் ட்ரூ என்கிற மதிப்பும் ஆமாம் என்று தலையாட்டி 1 ஆக உள்ளே போய்விடும். ஜாவாஸ்கிரிப்டிலும் நம்பர் ஃபங்ஷன் அதை 1 என்றுதான் மாற்றும். ஆகவே பூலியன் சோதனை எண் சோதனைக்கு முன்னால் வர வேண்டும், வரிசை மாறினால் பயனில்லை.

முடிவுள்ள எண்ணா என்று பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜேசான் விதியில், அதாவது 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259-இல், முடிவிலிக்கும் "எண் அல்ல" என்கிற நான் (NaN) மதிப்புக்கும் இடமில்லை. ஆனால் பைத்தானின் ஜேசான் மாட்யூல் இரண்டையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். ஒரு நான் மட்டும் கூட்டலுக்குள் புகுந்துவிட்டால் மொத்தக் கூட்டுத்தொகையும் நான் ஆகிவிடும்.

ரெகெக்ஸில் (வடிவத்தைச் சொல்லும் அந்தக் குறியீட்டு வரியில்) \-க்குப் பின்னால் டி போடுகிற சுருக்கத்துக்குப் பதிலாக [0-9] என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பைத்தானில் அந்தச் சுருக்கம் யூனிகோடில் இருக்கிற எல்லா மொழி இலக்கங்களுக்கும் பொருந்தும், தமிழ் இலக்கங்களுக்கும்தான். "௧௨௩" என்று கொடுத்தால் பைத்தானின் இன்ட் அதை 123 என்று அழகாக மாற்றித் தரும், வேண்டுமானால் இப்போதே போட்டுப் பாருங்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அதே மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் நான் என்று தள்ளிவிடும், இரண்டு சேவைகள் ஒரே டேட்டாவை வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும். அதேபோல இன்ட் "1_000" என்பதையும் 1000 என்று ஏற்கும், 3.6 பதிப்பிலிருந்து. ஃப்ளோட்டுக்கு (மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றும் ஃபங்ஷனுக்கு) "நான்", "இன்ஃப்" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும். நாம் முதலிலேயே வடிவத்தைச் சோதித்துவிட்டால் மொழிக்கு மொழி மாறுகிற இந்தத் தாராள மனசு எதுவும் நம்மைத் தொடாது.

வெற்று ஸ்ட்ரிங் என்பது பூஜ்ஜியம் இல்லை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் அதிகச் சேதம் செய்வது இதுதான். ஜாவாஸ்கிரிப்டில் நம்பர் ஃபங்ஷனுக்கு "" கொடுத்தால் 0 வரும். இடைவெளி மட்டும் இருக்கிற " " கொடுத்தாலும் 0. நல் கொடுத்தாலும் 0. காலி அரே கொடுத்தாலும் 0. வராத ஃபீல்டுக்கு, அதாவது அன்டிஃபைன்டுக்கு மட்டும் நான். அதாவது கோபப்பட வேண்டிய நான்கு இடத்தில் சிரித்துக்கொண்டே பூஜ்ஜியம் தருகிறது.

பூஜ்ஜியம் தள்ளுபடி என்பதும் தள்ளுபடி எவ்வளவு என்று தெரியாது என்பதும் ஒன்றா? வெப்பமானி 0 காட்டியது என்பதும் வெப்பமானி வேலை செய்யவில்லை என்பதும் ஒன்றா? சராசரி எடுக்கும்போது இந்த வித்தியாசம் விடையையே புரட்டிப்போடும்: 30, 32, பதிவாகாத ஒன்று, மூன்றும் இருந்தால் சராசரி 31, பூஜ்ஜியமாக்கிவிட்டால் 20.67. ஆகவே "மதிப்பு இல்லை" என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே வைத்திருங்கள், நல், நன், ஆப்ஷன் எதுவானாலும். உண்மையிலேயே ஒரு ஃபீல்டுக்கு வெறுமை என்றால் பூஜ்ஜியம்தான் பொருள் என்று அனுப்புகிறவரின் ஆவணம் சொன்னால், அந்த ஃபீல்டுக்கு மட்டும் வெளிப்படையாக ஒரு வரி எழுதி 0 ஆக்குங்கள்.

லைப்ரரி பயன்படுத்துகிறவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் டேட்டாவைச் சோதிக்கிற ஸாட் லைப்ரரியின் கோயர்ஸ் (வகையை மாற்றும்) வசதி உள்ளுக்குள் அதே நம்பர் ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது, எனவே வெற்று ஸ்ட்ரிங்கும் நல்லும் 0 ஆகவே சோதனையில் தேறிவிடும். ஜாவாவின் ஜாக்ஸன் லைப்ரரியின் 2-ஆம் பதிப்பு வரிசையில் ஃபீல்டு சிறிய எழுத்து இன்ட் வகையாக இருந்தால் வழக்கமான அமைப்பில் "" வந்தால் 0 ஆகும், இன்டிஜர் வகையாக இருந்தால் நல் ஆகும். ஒரே ஜேசான், டைப் பெயரை மட்டும் மாற்றினால் பொருளே மாறுகிறது.

பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் வேண்டாம்

ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக்க வேண்டும் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டும்தான். இரண்டும் முன்னாலிருந்து படித்துக்கொண்டே போய், புரியாத எழுத்து வந்ததும் நின்று, அதுவரை கிடைத்ததைத் தந்துவிடும். "12 மீட்டர்" என்றால் 12, அது வசதிதான். "1,234.50" என்றால் 1. இது யாருக்கு வசதி? ஆயிரத்துச் சொச்ச ரூபாய் ஒரு ரூபாய் ஆகிறது, எரர் இல்லை. பார்ஸ்இன்ட்டை அப்படியே மேப்பிடம் கொடுத்து ["1", "2", "3"] என்ற பட்டியலை மாற்றினால் 1, நான், நான் என்று வரும், ஏனென்றால் மேப் இரண்டாவதாகத் தருகிற வரிசை எண்ணை அது எண்ணடிமானம் (இருமம், பதின்மம் போன்ற எண் முறையின் அடி) என்று எடுத்துக்கொள்கிறது. வடிவத்தை ரெகெக்ஸால் சோதித்த பிறகு நம்பர் ஃபங்ஷனையே கூப்பிடுங்கள், அந்தச் சோதனைக்குப் பிறகு அது ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும்.

இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக மாற்றியபிறகும் பட்டியலை வெறும் சார்ட் போட்டு வரிசைப்படுத்தினால் 1, 10, 9 என்றுதான் வரும். அது எண்களையும் ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. ஒப்பிடும் ஃபங்ஷனை நாம்தான் கொடுக்க வேண்டும். நம் மாற்றும் கோடில்தான் தப்பு என்று நினைத்து அங்கே தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பைத்தானில் இப்படிப் பாதியில் நிற்கிற பழக்கம் இல்லை, "12 மீட்டர்" கொடுத்தால் எரர்தான். "12.0" கொடுத்தாலும் இன்ட் எரர் போடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள், சில ஏபிஐ-கள் எண்ணிக்கையைக்கூட "12.0" என்று அனுப்பும். அதற்கு டெசிமலாக (தசம எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும் வகையாக) மாற்றி, பின்னப் பகுதி பூஜ்ஜியம்தானா என்று பார்த்து, பிறகு முழு எண்ணாக்குங்கள். நேராக இன்ட்-க்குள் ஃப்ளோட்டைப் போட்டு எழுதினால் "12.9" வந்தாலும் 12 ஆகிவிடும்.

பெரிய எண்கள்

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண். துல்லியமாகத் தாங்கும் மிகப் பெரிய முழு எண் 9007199254740991, அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு. அதற்கு மேலே போனால் அக்கம்பக்கத்து எண்ணாக மாறிவிடும்: 9007199254740993 என்று ஜேசானில் இருந்தால் பார்ஸ் ஆனதும் 9007199254740992 ஆகிறது. ஒரு பயனரின் அடையாள எண்ணில் இப்படி ஆனால் அடுத்தவரின் கணக்கு திறக்கும். ஆர்எஃப்சி 8259-ம் இந்த எல்லையைக் குறிப்பிட்டு, அதற்குள் இருக்கும் முழு எண்களைத்தான் எல்லாத் தரப்பும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்ளும் என்கிறது.

எனவே நீளமான அடையாள எண் ஸ்ட்ரிங்காக வந்தால் அனுப்பியவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஸ்ட்ரிங்காகவே வைத்திருங்கள். அது எப்படியும் கூட்டிக் கழிக்கிற எண் இல்லை. உண்மையிலேயே கணக்குப் போட வேண்டிய பெரிய எண் என்றால் பிக்இன்ட் பயன்படுத்துங்கள், இரண்டு விஷயத்தை மனதில் வைத்து. பிக்இன்ட்டுக்கும் வெற்று ஸ்ட்ரிங் பூஜ்ஜியம்தான், அதே பழைய கதை. அப்புறம், பிக்இன்ட் மதிப்பை மறுபடி ஜேசானாக எழுதப்போனால் எரர் வரும், நீங்களே ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

மேற்கோள்குறி இல்லாமல் பெரிய எண் வந்தால்தான் தலைவலி, ஏனென்றால் பார்ஸ் ஆகி நம் கைக்கு வரும்போதே கெட்டுவிட்டிருக்கும், பிறகு ஸ்ட்ரிங்காக மாற்றிப் பயனில்லை. பிஎச்பி-யில் படிக்கும்போதே பெரிய எண்களை ஸ்ட்ரிங்காக எடு என்று ஒரு ஃபிளாக் கொடுக்கலாம். கோ மொழியில் டைப் சொல்லாமல் இன்டர்ஃபேஸுக்குள் படித்தால் எல்லா எண்ணும் ஃப்ளோட்64 ஆகிவிடும், டீகோடரில் யூஸ்நம்பர் என்று சொன்னால் எழுத்தாகவே வைத்திருக்கும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை கிடையாது, ஆனால் பாண்டாஸில் உண்டு: முழு எண்கள் இருக்கும் நெடுவரிசையில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும் வழக்கமாக மொத்த நெடுவரிசையும் ஃப்ளோட் ஆகிவிடும், பெரிய எண்கள் அங்கேயும் கெடும்.

பணம்

பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஸ்ட்ரிங்காக வருகிற பணத்தில் அது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அனுப்பியவர் துல்லியம் கெடக் கூடாது என்றே மேற்கோள்குறிக்குள் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். "19.99"-ஐ ஃப்ளோட்டாக்கி 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. ஒரு பைசா காணோம்.

ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக டெசிமலுக்குப் போங்கள். நடுவில் ஃப்ளோட் வரக் கூடாது, பைத்தானில் 0.1 என்ற ஃப்ளோட்டை டெசிமலாக்கினால் 0.1000000000000000055 என்று தொடங்கி நீளமாக வரும், "0.1" என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் 0.1 மட்டும். ஜாவாவின் பிக்டெசிமலிலும் இதே கதை. பணம் மேற்கோள்குறி இல்லாமலும் வரலாம் என்றால் பைத்தானில் ஜேசான் படிக்கும்போதே பார்ஸ்_ஃப்ளோட் என்பதற்கு டெசிமலைக் கொடுத்துவிடுங்கள், ஃப்ளோட் என்ற ஒன்று நடுவில் உருவாகவே செய்யாது.

காற்புள்ளி, அலகு, கண்ணுக்குத் தெரியாத எழுத்து

"1,234" என்பது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கா, ஒன்று புள்ளி இரண்டு மூன்று நான்கா? ஜெர்மன் வழக்கில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி, "1.234,50" என்று எழுதுவார்கள். ஸ்ட்ரிங்கைப் பார்த்து ஊகிக்க முடியாது, அதனால் ஊகிக்கிற கோடு எழுதாதீர்கள். அனுப்புகிறவர் எந்த வழக்கு என்று தெரிந்துகொண்டு, காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறிதான் என்றால் அந்த ஃபீல்டுக்கு மட்டும் அதை நீக்குங்கள், தெரியாதவரை எரர் போடட்டும். "45%" போன்றவையும் அப்படித்தான், விழுக்காட்டுக் குறியை நீக்கிவிட்டு 45 என்று வைப்பதா 0.45 என்று வைப்பதா என்பதை ஒருமுறை முடிவு செய்து ஃபீல்டின் பெயரிலேயே தெரியும்படி வையுங்கள்.

பார்க்கச் சரியாக இருந்தும் எண்ணாக மாறாமல் அடம்பிடிக்கிற மதிப்பு வந்தால் அதன் யூனிகோட் எண்களை அச்சிட்டுப் பாருங்கள். வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டிய டேட்டாவில் கழித்தல் குறி சாதாரண ஹைஃபனாக இல்லாமல் கணிதக் கழித்தல் குறியாக இருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானின் ஃப்ளோட் அதை ஏற்காது. பிரிக்க முடியாத இடைவெளி இலக்கங்களின் நடுவில் இருந்தால் ஓரத்தை வெட்டுவதும் உதவாது.

மற்ற மொழிகளில் எப்படி

கோ மொழியில் ஸ்ட்ரக்ட் டேக்கில் ஸ்ட்ரிங் என்று சேர்த்தால் மேற்கோள்குறிக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கும், ஆனால் மேற்கோள்குறி இல்லாமல் வந்தால் எரர். இரண்டும் கலந்து வந்தால் ஃபீல்டின் வகையை ஜேசான் நம்பர் என்று வையுங்கள், அது இரண்டையும் வாங்கிக்கொள்ளும், வெற்று ஸ்ட்ரிங்கை மட்டும் மறுக்கும். சி ஷார்ப்பில் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசான் இயல்பாக ஸ்ட்ரிங்கை எண்ணாக ஏற்காது, டாட்நெட் 5 முதல் நம்பர் ஹேண்ட்லிங் என்ற அமைப்பில் ஸ்ட்ரிங்கிலிருந்து படிக்க அனுமதி கொடுக்கலாம், வலைச் செயலிகளுக்கான அமைப்பில் அது ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. ரஸ்டின் செர்டே கறார், ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் டீசீரியலைஸரை (படித்து மாற்றும் கோடை) நாம்தான் கொடுக்க வேண்டும். பைத்தானில் பைடான்டிக் லைப்ரரி இயல்பாகவே "123"-ஐ முழு எண்ணாக ஏற்கும், வெற்று ஸ்ட்ரிங்குக்கு எரர் போடும், என் ரசனைக்கு இவற்றில் அதுதான் சரியான இடத்தில் நிற்கிறது.

ஜேசானை நேராக டேட்டாபேஸில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: போஸ்ட்கிரெஸில் ->> போட்டு எடுத்தால் உள்ளே எண்ணாக இருந்தாலும் வெளியே டெக்ஸ்டாகத்தான் வரும், அதை அப்படியே வரிசைப்படுத்தினால் "10" மறுபடி "9"-க்கு முன்னால் வரும். நியூமெரிக்காக மாற்றிவிட்டு வரிசைப்படுத்துங்கள். ஒரே ஒரு வரிசையில் குப்பை இருந்தாலும் மொத்த க்வெரியும் எரரில் நிற்கும், ஆகவே முதலில் குப்பை வரிசைகளை ரெகெக்ஸ் போட்டு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எரர் வந்தால்

எரர் செய்தியில் ஃபீல்டின் முழுப் பாதையும், எத்தனையாவது வரிசை என்பதும், வந்த மதிப்பு மேற்கோள்குறியோடு அப்படியேயும் இருக்க வேண்டும். "தவறான எண்" என்று மட்டும் சொல்கிற எரரால் யாருக்கும் பயனில்லை, "ஆர்டர்கள்[317].விலை: '1,234 ' எண் வடிவத்தில் இல்லை" என்றால் ஓரத்து இடைவெளிகூடத் தெரியும். ஒரு வரிசை கெட்டால் மொத்தத்தையும் நிறுத்துவதா, அதை ஒதுக்கிவிட்டுத் தொடர்வதா என்பது டேட்டாவைப் பொறுத்தது. பணம் என்றால் நிறுத்துங்கள், புள்ளிவிவரத்துக்கான பதிவுகள் என்றால் ஒதுக்கலாம், ஆனால் எத்தனை ஒதுக்கினோம் என்பதை எண்ணி லாகில் எழுதுங்கள். பாண்டாஸின் டு_நியூமெரிக்கில் எரர்ஸ் என்பதற்கு கோயர்ஸ் (எண்ணாக மாறாததைக் காலியாக்கு) கொடுக்கிறவர்கள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் காலி இடங்களை எண்ணிப் பார்த்தால் எத்தனை மதிப்பு காணாமல் போனது என்று உடனே தெரியும்.

டெஸ்டில் இவை எல்லாம் இருக்கட்டும்: "10", 10, "-5", "0", "", " ", " 10 ", நல், ஃபீல்டே இல்லாதது, ட்ரூ, "007", "12.0", "1,000", "௧௦", "9007199254740993". ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். "007"-க்கு 7 வேண்டுமா எரர் வேண்டுமா என்பதில் எனக்கே நிலையான கருத்து இல்லை, மேலே உள்ள ரெகெக்ஸ் அதை உள்ளே விட்டுவிடும். எரர்தான் வேண்டும் என்றால் அதில் முதலில் வரும் [0-9]+ என்ற பகுதியை மட்டும் (0|[1-9][0-9]*) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படித்த டேட்டாவை மாற்றம் செய்து அதே ஏபிஐ-க்குத் திருப்பி அனுப்புகிற கோடு என்றால், வந்த வடிவத்திலேயே அனுப்புங்கள். "10.50" என்று வந்ததை எண்ணாக்கி எழுதினால் 10.5 என்று போகும், மேற்கோள்குறியும் போயிருக்கும், அந்தப் பக்கம் கறாரான பார்ஸர் இருந்தால் மறுத்துவிடும், கையொப்பச் சோதனை இருந்தால் ஒரு பூஜ்ஜியம் குறைந்ததற்கே பொருந்தாது என்று சொல்லிவிடும். மாற்றாத ஃபீல்டுகளை மூல ஸ்ட்ரிங்காகவே கூடவே வைத்திருந்து அதையே எழுதுவதுதான் இதற்குச் சுலபமான வழி.